இரட்டைப் பூட்டு

கிடங்குக் கதவில் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. முதலாளி ஓகுஸ்தேனின் பூட்டு திறந்து தொங்குகிறது. சுங்க அதிகாரியின் பூட்டு, அரக்கு முத்திரையோடு, சாரலில் பளபளக்கிறது. உள்ளே கூரை ஒழுகுகிறது. கழுத்துத் துணிகளாகத் தைத்துப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டிய ஜப்பான் பட்டு அங்கேதான் அடுக்கியிருக்கிறது. மறுபடி வெளிநாட்டுக்கே போகிற சரக்கு என்பதால் அதற்கு வரி கிடையாது; உள்ளூருக்குள் போனால்தான் வரி. அதனால் இரண்டு சாவியும் சேராமல் ஒரு முழம்கூட வெளியே வரக்கூடாது. அதிகாரி தன் சாவியோடு நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்.

“உடைச்சிடுங்களேன்,” என்கிறாள் மனைவி மத்லேன், குடையை ஓகுஸ்தேன் பக்கம் சாய்த்தபடி. “உடைச்சா கடத்தல் சரக்காயிடும். லைசென்சே போயிடும்.” “நனைஞ்சா?” “நனைஞ்சா நம்ம சரக்குதான். அதுக்கு யாரும் கேஸ் போட வரமாட்டாங்க.” முத்திரையில் படாமல் அவன் கதவில் காதை வைக்கிறான். சிமெண்டுத் தரையில் சொட்டிய சத்தம் இப்போது மெத்தென்று கேட்கிறது, துணிமேல் விழுவதுபோல. கதவடியிலிருந்து தண்ணீர் மெல்லிய கோடாக ஊர்ந்து வந்து அவன் செருப்பைத் தொடுகிறது. நல்ல நீலம். மத்லேன் குனிந்து பார்க்கிறாள். “சாயம் மட்டும் வரி கட்டாம வெளிய வந்துடுச்சு, பாருங்க.”