அம்மா வராத படங்கள்

மதிப்பிற்குரிய படத்தேர்வு அலுவலர் அவர்களுக்கு,

ஞாயிறு மாலை கூடத்தில் இருந்தவர்கள்: சோபாவில் என் ஏழு வயது மகள் இதழினி, அவள் பக்கத்தில் என் மச்சினன் தணிகை, கதவோர நாற்காலியில் நான். உங்கள் டிவி வழக்கம்போல் எங்கள் முகங்களைப் பார்த்து, யார் மனமும் நோகாத படத்தைத் தேர்ந்தெடுத்தது. மறுபடியும் பென்குவின்.

“மாமா, நம்ம வீட்டுப் படத்துல மட்டும் ஏன் அம்மாவே வர்றதில்ல?” என்றாள் இதழினி.

“பென்குவினுக்கு எதுக்குடி அம்மா? தலை சீவணுமா, ஜடை போடணுமா?”

அவள் சிரிக்கவில்லை. என் மனைவி இறந்தது போன தை மாதம்.

நான் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன். கூடத்தில் படம் தானாக மாறியது. “ஆடாம நில்லுடி” என்று ஒரு தாய் மகளை அதட்டும் குரல் கேட்டது. இதழினி வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. பார்க்கலாமென்று கூடத்து வாசலுக்கு வந்தேன். உடனே பென்குவின் வந்துவிட்டது.

“அப்பா, உள்ள வராதீங்க!” என்று கத்தினாள்.

தடை அவள் முகத்தால் அல்ல, என் முகத்தால் என்று அப்போதுதான் புரிந்தது.

ஆகவே, படம் தேர்ந்தெடுக்கும்போது என் முகத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். எனக்கு மனம் நொந்தால் நோகட்டும், சம்மதம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உறையோடு இதழினி நிற்கிறாள். ஒட்டி, தணிகையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மா. செழியரசு