பகையாளி லிஸ்ட்டு

பச்சமுத்து மண்வெட்டியோடு ஜெபவீட்டுக்குள் நுழைந்ததும் பாட்டு அறுந்தது.

கஞ்சிரா தட்டிக்கொண்டிருந்த மலர்விழி, கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினாள். முன்னால் நின்ற ராசு மைக்கை உள்ளங்கையால் பொத்தினான்.

ஒரே சைக்கிளில் கள்ளக்குறிச்சிக்குப் போய், ஒரே டிக்கெட்டைக் காட்டிப் பச்சமுத்துவும் ராசுவும் சினிமா பார்த்துவிட்டு வந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு, இரண்டு நிலத்துக்கும் நடுவரப்பில் நின்ற பனைமரம் யாருடையது என்று சண்டை வந்தது. மூன்றாம் வருடமே இடி விழுந்து மரம் போய்விட்டது. சண்டைக்கு ஒரு கீறலும் இல்லை. இருபது வருடமாகத் தழைத்துக்கொண்டிருக்கிறது.

இடையில் ராசு கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினான். தன் நிலத்து மூலையில் தகரம் போட்டு ஜெபவீடு கட்டி, உச்சியில் குழாய் ஸ்பீக்கர் வைத்தான். அது முதல்முறை கத்தியபோது கல்வராயன் மலைத் தேனீக்கள் குடும்பத்தோடு கிளம்பிச் சேலம் பக்கம் போய்விட்டன. திரும்பி வந்ததாக எந்தத் தேனீயும் இதுவரை சொல்லவில்லை.

ஞாயிறுதோறும் குழாயில் லிஸ்ட்டு படிப்பார்கள். நோயாளிகள், பிள்ளையில்லாதவர்கள், வேலையில்லாதவர்கள். கடைசியாக, எங்களைப் பகைக்கிறவர்கள்.

பகைக்கிறவர்களில் ஒரே ஆள்தான். “அன்பு சகோதரன் பச்சமுத்துவை ஆசீர்வதியும் ஆண்டவரே.” நாலு வருடமாக, ஏழு ஊருக்குக் கேட்கிற மாதிரி.

எவனுக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

“இன்னாடா ராசு, இன்னா நெனச்சிக்கினு இருக்க?”

“உக்காருங்கண்ணே.”

“உக்கார வரல. இன்னைக்கு ஏன்டா எம்பேரப் படிக்கல?”

யாரோ இருமினார்கள்.

காலையிலேயே குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுக் குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர் பச்சமுத்து. லிஸ்ட்டை வேலையில்லாதவர்களோடு நிறுத்தி, ஆமென் சொல்லி முடித்துவிட்டார்கள்.

“அது பகையாளி லிஸ்ட்டுண்ணே” என்றான் ராசு. “எம்பொண்ணு பிரசவத்துக்கு நான் ஆஸ்பத்திரில கெடந்த நாலு நாளும் என் மரவள்ளிக்குத் தண்ணி பாஞ்சிருக்கு. உங்க கெணத்துத் தண்ணி. அப்புறம் எப்படி உங்கள அதுல சேக்கறது?”

“வரப்புல நண்டு ஓட்டை போட்டிருக்கும்.”

“சரி. மோட்டாருக்கு சுச்சு போட்டதும் நண்டா?”

பச்சமுத்துவின் முகம் கறுத்தது. ஆடு திருடிப் பிடிபட்டவன்கூட அப்படி முழிக்க மாட்டான்.

“வேணும்னா நோயாளி லிஸ்ட்டுல போட்டுக்கறேன். எங்கனா வலி கிலி இருக்கா?”

“உங்கப்பனுக்கு இருக்கும்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

நேராக நடுவரப்புக்குப் போனார். உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு, பட்டப்பகலில், சபையே பார்க்க, வரப்பை வெட்ட ஆரம்பித்தார். இதற்கு மேலும் எவன் பகையாளி இல்லை என்று சொல்கிறான் பார்ப்போம்.

ஊரில் அவருக்குப் பெயர் பனமரத்தார். மனைவி குஞ்சம்மாளோ, புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று, முப்பத்தோரு வருடமும் ‘இந்தாங்க’ என்றே கூப்பிட்டாள். அவர் ஆயுசைக் கெட்டியாகக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுத் தான் முந்திக்கொண்டாள். ரேஷன் கடையில்கூட இப்போது பெயரைக் கேட்பதில்லை, கட்டைவிரலைத்தான் கேட்கிறார்கள். அவளுடைய கருமாதி முடிந்த அடுத்த ஞாயிறுதான் ராசு அந்தக் கடைசி வரியைச் சேர்த்தான்.

மண் பறந்தது. சபை வாசலுக்கு வந்து நின்றது.

ராசுவும் மைக்கோடு வந்தான். பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டதை மறந்திருந்தான்.

“பச்சமுத்துண்ணே, அது உங்க பக்கம். உங்க நெலத்தத்தான் வெட்டிக்கினு இருக்கீங்க.”

குழாய் அதை ஊருக்குச் சொன்னது. சத்தம் மலைக்குப் போய், பச்சமுத்துண்ணே என்று திரும்பி வந்தது.

மண்வெட்டி நின்றது. அவர் நிமிரவில்லை.

“காதுல விழல” என்றார். “இன்னொரு தபா சொல்லு.”