காய்ச்சல் விட்டது

மூன்று நாள் அலைச்சலுக்குப் பிறகு டாக்டர் அன்றுதான் வீட்டில் உட்கார்ந்து மதியம் சாப்பிட்டார். அதற்கும் நிம்மதியில்லை. டிவியில், தள்ளிப்போன அந்தத் தூக்குத் தண்டனையைப் பற்றித்தான் பேச்சு.

“ரெண்டு குழந்தைங்களைக் கொன்னவன். இன்னும் எத்தனை நாள்தான் தள்ளிப் போடுவாங்க?” என்று பொரிந்தாள் மனைவி.

“தொங்க விட்டா அந்தக் குழந்தைங்க திரும்பி வந்துடுமாம்மா? தீர்ப்பு தப்புன்னு பின்னாடி தெரிஞ்சா?” மகள் விடுவதாயில்லை.

“பெத்தவ வயிறு எரியுதே, அதுக்கு என்ன பதில்?”

“அவனையும் ஒருத்தி பெத்திருக்காளே!”

இருவரும் டாக்டரைப் பார்த்தார்கள். “நீங்க யார் பக்கம்ப்பா?”

“ஆளை விடும்மா. என் நோயாளிக்கு நிமோனியா. அது குணமானா போதும் எனக்கு.”

போன் அடித்தது. கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். கம்பவுண்டர்தான்.

“சார், காய்ச்சல் சுத்தமா விட்டுடுச்சு! எழுந்து உட்கார்ந்து பசிக்குதுங்கிறான். நீங்கதான் தெய்வம்னு சொல்லி அழறான்.”

மகளின் முகம் மலர்ந்தது. “பார்த்தியாம்மா? எங்கப்பா உயிரைக் காப்பாத்தறவர்!”

டாக்டர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். பையிலிருந்து சிறைச்சாலைப் படிவத்தை எடுத்தார். உடம்பு சரியில்லாதவனைத் தூக்கில் போடக் கூடாது என்பது சிறை விதி.

மூன்று நாளாகக் காலியாக விட்டிருந்த வரியில் மெதுவாக எழுதினார்:

‘கைதி பூரண நலம். தூக்கிலிடத் தடையில்லை.’