சூடு அவர் பொறுப்பு

மருத்துவரின் மேசைமேல் மகாராணி என்ற வளர்ப்புப் பல்லி அசையாமல் கிடந்தது.

கொழுகொழுவென்று இருக்க வேண்டிய வால் தீக்குச்சியாக வற்றியிருந்தது. உரிந்து விழ வேண்டிய பழைய தோல் விரல்களில் நூல்போல இறுகிக் கிடந்தது. மருத்துவர் தாடையை மெல்லத் தொட்டுப் பார்த்தார். எலும்பு வளைந்து கொடுத்தது.

"எவ்வளவு நாளா சாப்பிடல?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "அத இவங்களக் கேளுங்க டாக்டர். தீனி என் வேலை இல்ல."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஹீட்டர் யாரு வேலைன்னு அவரக் கேளுங்க டாக்டர்."

மருத்துவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவருக்கு இது புதிது. வீட்டில் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. ஏன் நின்றது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள்.

வெளியூருக்குப் படிக்கப் போன மகள்தான் இந்தப் பல்லியைக் கண்ணாடித் தொட்டியோடு இவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். புழுவும் கால்சியம் பொடியும் அம்மா. ஹீட்டரும் தண்ணீரும் அப்பா.

ஒருநாள் ஹீட்டர் பழுதானது. அவள் பார்த்தாள். அவர் பொறுப்பு, அவரே கவனிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

உடம்பில் சூடு இல்லாவிட்டால் பல்லிக்குத் தின்றது செரிக்காதாம். மகாராணி புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தின்னாததற்கு எதற்கு வைப்பது என்று இவள் நிறுத்தினாள். தீனியே வைக்காத தொட்டிக்கு எதற்கு ஹீட்டர் என்று அவர் புதிது வாங்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து இதே பாடுதான். தானும் செய்ய மாட்டார், செய்யவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? நாம் மட்டும் கேட்டோமா என்று நினைத்ததும் எரிச்சல் இரட்டிப்பானது. அழுகை வேறு வந்து தொலைத்தது.

அடுத்த வாரம் மகள் விடுமுறைக்கு வருகிறாள்.

"பொழைக்குமா?" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். மருத்துவரிடம்தான்.

"பாக்கலாம். சூடும் மருந்தும் ஒருநாள்கூட தவறக் கூடாது." அவர் சொட்டு மருந்தை எடுத்தபடியே சொன்னார். "இத நானே வச்சுப் பாத்துக்கறேன்னு உங்க பொண்ணு ஊருக்குப் போறப்பவே அவகிட்ட சொன்னேன். கேக்கல. 'வேலையப் பாதி பாதியா பிரிச்சுக் குடுத்திருக்கேன் டாக்டர். சூடு இருக்கா, தின்னுச்சான்னு தினம் ஒரு வார்த்தையாவது ஒருத்தர ஒருத்தர் கேட்டுத்தானே ஆகணும்'னு சிரிச்சா."

கணவர் தரையைப் பார்த்தார். அவள் கைப்பையின் ஜிப்பை எதற்கென்று தெரியாமல் திறந்து மூடினாள்.

மருத்துவர் மகாராணியைக் கணவரின் உள்ளங்கையில் வைத்தார். மருந்துக் குழாயை அவள் கையில் கொடுத்தார். ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் சொட்டு விட வேண்டும், தனியாக முடியாது என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

கணவர் பதற்றத்தில் அழுத்திப் பிடித்திருந்தார். அந்தத் தாடை தாங்காது. தளர்த்தச் சொல்லி மருத்துவர் மூலம் சொல்லலாம் என்று அவள் அவரைத் தேடினாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு குழாயடியில் நின்றார். சோப்புப் போட்டு வெகுநேரமாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தளர்த்திப் பிடிங்க," என்றாள்.

கணவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு தளர்த்திப் பிடித்தார்.