நன்றிகெட்டவள்

“ஒரு சிரிப்புகூடவா வராது? கல்லு மாதிரி நிக்கிறா பாருங்க!”

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவுக்குச் சொந்த அக்கா வீட்டுக்குக்கூடப் போகாமல், விமானம் ஏறி, கண்காணாத தேசத்துக்கு வந்து, முன்பின் தெரியாத குடும்பத்துக்காகச் செங்கல் சுமந்தவள் அவள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கட்டிய வீட்டை இன்றைக்கு ஒப்படைக்கிறார்கள். வாசலில் ரிப்பன் கட்டியாகிவிட்டது. வீட்டுக்காரியோ யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்தவள் போல நின்றுகொண்டிருந்தாள்.

“விடுங்க டீச்சர், கூச்ச சுபாவமா இருக்கும்” என்றார் கூட வந்த பல் டாக்டர்.

“கூச்சமா? அந்தப் பொண்ணைப் பாருங்க!”

டாக்டர் கேமராவை உறையிலிருந்து எடுப்பதற்குள் வீட்டுக்காரியின் சின்ன மகள் ஓடி வந்து கதவுப் பக்கத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்தினாள். அம்மாவையும் கையைப் பிடித்து இழுத்து, முகத்தில் நிழல் விழாத இடமாகப் பார்த்து நிறுத்தினாள். கைகாரிதான்!

பயணத்தை ஏற்பாடு செய்த அமைப்பின் மேனேஜர் சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்ட வீட்டுக்காரி தன் பாஷையில் ஏதோ கேட்டாள்.

“என்ன சொல்றாங்க? ரொம்ப சந்தோஷம்னா?” டீச்சர் ஆவலாக முன்னால் வந்தாள்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். “கூரை எப்ப போடுவீங்கன்னு கேக்கறாங்க. மழை வரப்போகுதாம்.”

“சுவரும் கதவும் எங்க வேலை, கூரையை உங்க ஆளுங்க போடுவாங்கன்னு சொன்னீங்களே?”

“போடுவோம், போடுவோம். உங்களுக்கு வண்டிக்கு நேரமாச்சு, கிளம்புங்க.”

வேன் மெயின் ரோட்டுக்கு வந்த பிறகும் டீச்சருக்கு ஆறவில்லை.

“முழுசா ஒரு வீட்டுக்குச் சுவர் எழுப்பிக் கொடுத்திருக்கோம். சாவியைக் கையில வாங்கிக்கிட்டு, கூரை எங்கேன்னு கேக்கறா! என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!”

“பாவம் டீச்சர். குழந்தையை வச்சுக்கிட்டு அந்தத் தார்ப்பாய்க் கொட்டகையில எத்தனை மழைக்குத்தான் நனைவாங்க?”

“அதுக்காகத்தானே நாம வந்தோம்! வாய் நிறைய ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவா?”

“நாம என்ன வார்த்தை வாங்கவா வந்தோம்?”

“உங்ககிட்ட வர்றவங்க யாரும் சிரிச்சுக்கிட்டு வர்றதில்ல. உங்களுக்குப் பழகிப்போச்சு. எனக்கு வயிறு எரியுது!” டீச்சர் எழுந்து நின்றுவிட்டாள். “வண்டியைத் திருப்பச் சொல்லுங்க. மேனேஜர் அங்கேதானே இருக்கார், அவரை வச்சே அவளை நறுக்குன்னு நாலு கேள்வி கேக்காம நான் ஊர் போய்ச் சேர மாட்டேன்!”

டிரைவர் தயங்கித் தயங்கிப் பார்த்தார். டாக்டரும் என்னென்னவோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். டீச்சரா மசிவாள்? வேன் திரும்பியது.

கேட்க வேண்டிய நாலு கேள்வியையும் மனசுக்குள் அடுக்கிக்கொண்டுதான் இறங்கினாள்.

வீட்டுக்காரியும் மகளும் பாயையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு தார்ப்பாய்க் கொட்டகைக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். கழற்றிய கதவு ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. டீச்சர் எழுப்பிய சுவரின் மேல் இரண்டு ஆட்கள் ஏறி நின்று, சிமென்ட் இறுகுவதற்குள் கடப்பாரையால் நெம்பி நெம்பிச் செங்கல்லைப் பெயர்த்துக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஐயையோ! நிறுத்துங்க! அது அவங்க வீடு!” என்று அலறினாள் டீச்சர்.

மேனேஜர் ரிப்பனை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி சாவகாசமாகத் திரும்பினார்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். திங்கக்கிழமை அடுத்த குழு வருது. அவங்களுக்கும் கட்டறதுக்கு ஒரு வீடு வேணுமில்ல?”