ஆப்பிரிக்காச் செடி

கொழுந்தனார் பாலுசாமி அரிவாளோடு இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து கேட்டுக்கு வெளியே நின்றார்.

மாசாணியம்மாள் கேட்டைத் திறக்கவில்லை.

வீட்டைச் சுற்றி நெஞ்சளவு உயரத்துக்கு முள்வேலி. பச்சை இலைகளுக்கு நடுவே நட்சத்திரம் போல வெள்ளைப் பூ, ரத்தச் சிவப்பில் பழம். அழகுக்காக அவள் கணவர் நர்சரியில் வாங்கிவந்து நட்டது. ஆப்பிரிக்காச் செடி, பழம் விஷம், கை வைக்காதே என்று சொல்லியிருந்தார். கிள்ளினால் அரளியைப் போலப் பால் வடியும். ஆர்.எஸ்.புரத்தின் அந்த வீதியே அதை நம்பியது.

முந்தின நாள் பக்கத்து வீட்டு இஃப்ரா அதில் ஒன்றைக் கடித்துவிட்டாள். ஒன்றும் ஆகாது என்று மாசாணியம்மாள் சொன்னது குழந்தையின் தாய் குல்சும் காதில் ஏறவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டருக்கும் அது என்ன பழமென்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வாந்தி எடுக்கவைத்து அனுப்பினார்.

பாலுசாமிக்கு அது போதும். அண்ணன் இறந்துபோனதிலிருந்தே அவருக்கு அந்த வேலி கண்ணை உறுத்தியது. அதை எடுத்தால் வாசலில் வரிசையாகக் கடை கட்டலாம். கேபிள் டிவி வந்த வருஷம், வாடகை ஏறிக்கொண்டிருந்தது.

வீதி கேட்கும்படி பேசினார்.

“தனியா இருந்துக்கிட்டு ஊட்டையும் பாக்க முடியாது, வேலியையும் பாக்க முடியாது. பேசாம ஈரோட்டுக்கு உங்க அண்ணன் ஊட்டுக்குக் கெளம்புங்க, அண்ணி.”

மாசாணியம்மாள் முள்ளுக்குள் கையை விட்டு ஒரு பழம் பறித்தாள். பாலை முந்தானையில் துடைத்தாள். கடித்தாள்.

இன்னொன்று.

அப்புறம் இன்னொன்று. சாறு முழங்கை வரை வழிந்தது.

ஆட்களில் ஒருவன் அரிவாளைத் தரையில் வைத்தான்.

அவள் எப்போது விழுவாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து கேட்டருகில் போட்டு உட்கார்ந்தாள்.

“உங்களுக்கும் நாலு பறிச்சுத் தாரனுங்க தம்பி, ஊட்டுக்குக் கொண்டுபோங்க. வேலியில மட்டும் கை வெக்காதீங்க. நான் எங்கயும் போறதா இல்லீங்க.”

வெயில் ஏறியது. ஆட்கள் முதலில் கிளம்பினார்கள். பாலுசாமி கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டுப் போனார்.

குல்சும் மட்டும் இஃப்ராவை இடுப்பில் வைத்தபடி நின்றாள். ஊரே விஷம் என்கிறதை எப்படி அக்கா அவ்வளவு தைரியமாகத் தின்றீர்கள் என்று கேட்டாள்.

முன்பே ஒரு தடவை தின்றிருப்பதாகச் சொன்னாள் மாசாணியம்மாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

கணவரின் காரியம் முடிந்து கடைசி உறவும் பஸ் ஏறிப்போன மத்தியானம் அது. அவர் சொன்னதை முழுக்க நம்பித்தான் மடி நிறையப் பறித்தாள். எல்லாவற்றையும் தின்றுவிட்டு, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கட்டிலில் போய்ப் படுத்தாள்.

சாயங்காலம் விழிப்பு வந்தது. பயங்கரமாகப் பசித்தது.

எழுந்துபோய் அரிசி களைந்தாள்.