அவர் தூங்கிய தூக்கம்

மூளைக்குள் வளர்ந்த கட்டியோடு பினியல் சுரப்பியையும் எடுத்துவிட்ட பிறகு கணவருக்குத் தூக்கம் போயிற்று. இருட்டியதும் தூக்கம் தரும் மெலடோனினைச் சுரந்து, அட்ரினல் சுரப்பியிடம் 'விழிப்பூட்டும் கார்டிசாலைக் குறைத்துக்கொள்' என்று சொல்ல இனி ஆளில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த மனைவிக்கு இது தெரியும்.

"ஏங்க, என் தூக்கத்தை எடுத்துக்குங்களேன்" என்றாள், அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே.

அன்றிலிருந்து அவர் அடித்துப்போட்டாற்போல் தூங்கினார்.

இரவில் எடுத்த அவருடைய உமிழ்நீரைத் தானே பரிசோதித்தாள். கார்டிசால் அடங்கியிருந்தது. இருக்கவே கூடாத மெலடோனின் தாராளமாக இருந்தது. இயந்திரத்தில் கோளாறோ என்று தன்னுடையதையும் வைத்துப் பார்த்தாள். மெலடோனின் மருந்துக்குக்கூட இல்லை. கார்டிசால் எகிறிக் கிடந்தது.

அவளுடைய சிவந்த கண்களைப் பார்த்த டாக்டர், "தூக்க மாத்திரை எழுதித் தரட்டுமாம்மா?" என்றார்.

"வேண்டாம் டாக்டர். அவர் இப்பதான் நல்லா தூங்குறார்."

மாலையில் வீடு திரும்பியபோது கணவர் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். விசிலடித்து முடியும் மெல்லிய குறட்டை. கல்யாணமான நாளாக அவர் கேலி செய்துவந்த, அவளுடைய குறட்டை.

"அட, நான் இவ்வளவு சத்தமாவா விடுவேன்?" என்று சிரித்தபடி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.